ஈப்போக்காரரின் இருபது விமானங்கள்

ஆறு வருடமாக நான் சந்தேகப்பட்டு வரும் ஒரு கதையை இப்போது சொல்லப்போகிறேன். சந்தேகம் இருந்தால் ஏன் சொல்கிறாய் என்று கேட்காதீர்கள். இதில் என்னைப் பற்றிச் சில பெருமையான விஷயங்கள் வருகின்றன. அவற்றை விட மனமில்லை.

கதையை எனக்குச் சொன்னது என் மனைவி ருக்குமணி. ஈப்போவில் லோகேஸ்வரன் என்று ஒரு பெரியவர். அவரிடம் பிளாஸ்டிக் விமான மாடல்கள் இருபது செட். அதாவது பாகங்களை ஒட்டிக் கட்டும் சின்ன விமானங்கள். அவற்றில் எது தரம், எது குப்பை என்று சொல்ல ஒரு ஆளை மலேசியா முழுக்கத் தேடி, கடைசியில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டுபிடித்தாராம்.

மலேசியா முழுக்க. இந்த இரண்டு சொற்களுக்காகத்தான் ஆறு வருடம் நான் வாய் திறக்கவில்லை.

என் பெயர் சிவனேஸ்வரன். வயது ஐம்பத்தெட்டு. தோட்டத்து ஃபேக்டரியில் டீ மேக்கர். தினமும் காலையில் வரிசையாகக் கிண்ணங்கள் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சித் துப்பி, நல்லது கெட்டது சொல்வேன். கிண்ணத்தின் முன்னால் நம்பர் மட்டும்தான் இருக்க வேண்டும். எந்த மேட்டுக் கொழுந்து, யார் வறுத்தது என்று எழுதக் கூடாது. அது என் சட்டம். பெயர் தெரிந்துவிட்டால் நாக்கு தயவு பார்க்க ஆரம்பித்துவிடும்.

விமான மாடல் விஷயத்தில் எனக்கு அந்த நாக்கு கையிலேயே இருந்தது. கடையில் பெட்டியை உள்ளங்கையில் ஏந்துவேன். எடை பார்ப்பேன். பிறகு காதோரம் வைத்து இரண்டு குலுக்கு. சலசலவென்றால் உள்ளே மெல்லிய பாகங்கள், நுணுக்கமான வேலை. கடகடவென்றால் தடித்த பிளாஸ்டிக். கடைசியாக மூடியில் இருக்கும் படம். மேகத்தைக் கிழித்துக்கொண்டு விமானம் பாய்ந்தால் நல்ல கம்பெனி. தானா ராத்தா டவுனில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் கடையில் நான் குலுக்கும்போது மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

கட்டி முடித்தது இரண்டு. அதுபோக வாங்கி அடுக்கியது இருபது. இருபதில் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. பிரித்தால் மதிப்புப் போய்விடும். ருக்குமணி என் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தவையும் அதில் உண்டு. அவற்றையும் குலுக்கிப் பார்த்தேன். “பரவாயில்ல” என்றேன். இதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

அவளுக்குத் தெரிந்தது கொழுந்து. நிறுவைக் கொட்டகையில் இலையை எடை பார்த்துக் கணக்கெழுதும் கிராணி அவள்தான். மேலே தளிரும் அடியில் முற்றல் இலையுமாகச் சாக்கை நீட்டுபவர்கள் உண்டு. ருக்குமணி பேச மாட்டாள். முழங்கை மறையும்வரை சாக்குக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, மேலே போடுவாள். அவ்வளவுதான். ஆள் தலையைச் சொறிந்துகொண்டு போவான். அந்தக் கையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்து நின்றாள்.

“ஏங்க, ஷர்மினி பிரசவத்துக்கு வர்றா. நடு ரூம காலி பண்ணணும்.”

“பண்ணிக்கோ. மக வர்றதுக்கு இல்லாத ரூமா?”

“உங்க ஏரோப்ளேன் இருபதும்?”

“அது அங்கயேதான் இருக்கும்.”

“அப்ப பிள்ளைய எங்க போடறது? ரன்வேயிலயா?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டில் நான் அவ்வளவு நேராக உட்கார்ந்தது அன்றுதான்.

“ருக்கு, ஒவ்வொண்ணும் இந்தக் கை தேர்ந்தெடுத்தது. இதுல ஒண்ணு மட்டம்னு எவனாச்சும் நிரூபிக்கட்டும். அன்னைக்கே தூக்கிக் குடுத்துடறேன்.”

“நிஜமாவா?”

“தோட்டத்து மாரியம்மன் மேல சத்தியம்லா.”

“சரிங்க” என்றாள்.

இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவன், ‘சரிங்க’ என்று ஒரே சொல்லில் மனைவி நிறுத்தினால் ஊரை விட்டு ஓடியிருக்க வேண்டும். நான் வெற்றிக் களிப்பில் இன்னொரு டீ கேட்டேன்.

அந்த வாரம் நடு ரூமுக்குப் பெயின்ட் அடிப்பதாகச் சொல்லிக் கதவைப் பூட்டிவிட்டாள். வாசனை எனக்கு ஆகாதாம். என்ன அக்கறை என்று உருகினேன். வெள்ளிக்கிழமை ஈப்போக்காரர் வந்து சேர்ந்தார். ஆளாக இல்லை, பேச்சாக.

“யாரோ லோகேஸ்வரனாம்ங்க. நம்ம புனிதன் லோரியில காய்கறி ஏத்திட்டுப் போனப்ப பாத்தானாம். இருபது செட் வெச்சிருக்காராம். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லணுமாம்.”

“என்னை எப்படித் தெரியும் அவருக்கு?”

“மலேசியா முழுக்கத் தேடினாராம். எல்லாரும் உங்க பேரத்தான் சொன்னாங்களாம்.”

“எல்லாருமா?”

“எல்லாரும்லா.”

“பெட்டியோட அனுப்பச் சொல்லு. ஒரு குலுக்குல சொல்லிடறேன்.”

“பெட்டி வேணுமா? பேரு தெரியக் கூடாது, நம்பர்தான் இருக்கணும்னு ஃபேக்டரியில நீங்கதானே சட்டம் போட்டீங்க?”

என் சட்டத்தை என் மனைவி மனப்பாடமாக வைத்திருக்கிறாள்! பெருமையில் நாற்காலி எனக்குச் சிறிதாகிவிட்டது.

“ஆமா, பெட்டி வேணாம். உள்ள இருக்கிறத மட்டும் நம்பர் போட்டு அனுப்பட்டும். படத்தப் பாத்து ஏமாற நான் என்ன சின்னப் பிள்ளையா?”

என்னைக் கட்டும் கயிற்றை நானே திரித்து, நீளம் போதுமா என்று கேட்டுக் கொடுத்தது அந்த இடத்தில்தான்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் புனிதனைப் பிடித்தேன்.

“புனிதா, ஈப்போ சாமான் உன் லோரியிலதானே வருது?”

“ஆமாண்ணே.”

“லோகேஸ்வரனப் பாத்தியா? எப்படி இருப்பாரு?”

புனிதன் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் ருக்குமணி நின்றிருந்தாள்.

“நல்லா உயரமா... ஒரு மாதிரி குள்ளமா இருப்பாருண்ணே” என்று சொல்லிவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். 

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இருபது பைகள். டீ சாம்பிள் போடும் காகிதப் பைகள்தான். ஈப்போவிலும் இதே பை விற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் ஃபேக்டரி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன். கையில் பூதக்கண்ணாடி. ருக்குமணி பேனாவும் தாளுமாக எதிரே.

முதல் பையைக் கவிழ்த்தேன். பாகங்கள் இன்னும் பிளாஸ்டிக் சட்டகத்தில் ஒட்டிக்கொண்டு, உடைக்காமல் இருந்தன.

“எழுது. ஒண்ணாம் நம்பர். இறக்கை ஓரமெல்லாம் பிசிறு. அச்சு தேஞ்சு போனதுல வார்த்தது. ஃபெயில்.”

“ஃபெயில்.”

“ரெண்டு. வால் பக்கம் குழி விழுந்திருக்கு. பிளாஸ்டிக் ஆறும்போது உள்ள இழுத்துக்கிச்சு. ஃபெயில். மூணு... ஐயையோ. இது நாப்பது வருஷத்துப் பழைய அச்சு ருக்கு. புதுப் பெட்டியில போட்டுத் தள்ளியிருக்கான். வாங்கினவன் மூடியில இருந்த படத்தப் பாத்து மயங்கியிருப்பான்.”

“அப்படியும் ஆளுங்க இருக்காங்களாங்க?”

“இருக்காங்க. படிச்சவங்கதான்.”

“பாவம், அவர் பொண்டாட்டி.”

“அத எழுதாத.”

நாலு, உடம்பின் இரண்டு பாதிகளும் சேரவில்லை. நடுவில் ஒரு காசு நுழையும். அஞ்சு, இறக்கை முறுக்கிக்கொண்டு இருந்தது. ஏழு, சிறகில் ஒட்டும் வட்டச் சின்னங்களில் சிவப்பு ஒரு பக்கமும் நீலம் ஒரு பக்கமுமாக விலகி அச்சாகியிருந்தன. பதினாலாம் நம்பரில் விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி, பால் ஊற்றியதுபோல் மங்கல்.

“விமானி வெளிய எட்டிப் பாத்துத்தான் ஓட்டணும்” என்றேன். ருக்குமணி விழுந்து விழுந்து சிரித்தாள். என் நகைச்சுவைக்கு அவள் அவ்வளவு சிரித்ததே இல்லை. உற்சாகத்தில் அடுத்த இரண்டையும் இன்னும் கேவலமாகத் திட்டினேன்.

பதினேழு ஃபெயில். மூன்றுதான் தேறின. ஆறு, பதினொன்று, பதினெட்டு. அந்த மூன்றையும் பற்றி நான் என்ன சொல்வேன்! உடம்பில் தகடு தகடாக ஓடும் கோடுகள் தலைமுடியைவிட மெல்லிசு. பாதிகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ‘டக்’. கண்ணாடி, தளிர்மேல் நிற்கும் மழைத்துளி. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன்.

“ருக்கு, இந்த மூணையும் வாங்கினது வேற ஆளு. அந்தப் பதினேழுக்கும் இதுக்கும் ஒரே கண்ணு கிடையாது.”

“அதையும் எழுதிக்கவாங்க?”

“எழுது. மூணையும் பத்திரமா வெச்சுக்கட்டும். பதினேழையும் கம்போங் ராஜா பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடச் சொல்லு. பிள்ளைங்க பிசிறு தேய்க்கவாச்சும் கத்துக்கட்டும்.”

கீழே கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். ‘டீ மேக்கர்’ என்று பதவியும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வந்தால் நடு ரூம் பளபளவென்று இருந்தது. நடுவில் தொட்டில். அலமாரிமேல் டேப் ஒட்டிய ஒரே ஒரு அட்டைப்பெட்டி.

“ஈரத்துல பூஞ்சணம் பிடிக்குதுங்க. அதான் எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுக் கட்டிட்டேன்.”

“இருபதுமா? இதுக்குள்ளயா?”

“அடுக்கத் தெரிஞ்சா அடங்கும்.”

இறக்கினேன். என் கை பொய் சொல்லாது. மூன்று செட்டின் எடை. அதற்கு மேல் ஒரு காகிதத்தின் எடைகூட இல்லை. இருந்தால் ஒரு காகிதம் இருக்கலாம்.

திறந்திருக்கலாம். திறந்தால் தெரிந்துவிடும். பாகங்கள் மூன்றே மூன்று செட் என்றால், ஈப்போவில் இருக்கும் அந்த முட்டாள் யார் என்ற கேள்வி வரும். மலேசியா முழுக்க என் பெயரைச் சொன்ன அத்தனை பேரும் ஒரே நொடியில் காணாமல் போவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெட்டியைக் குலுக்காமல் திரும்ப வைத்தேன்.

ஷர்மினிக்குப் பெண் பிறந்தது. அந்த ரூமில் பேத்தியின் முதல் குரல் கேட்டபோது எனக்கு விமான ஞாபகமே வரவில்லை. ஆனால் ஈப்போ கதையை விடவில்லை. ஃபேக்டரியில் சொன்னேன். கல்யாண வீடுகளில் சொன்னேன். சொல்லச் சொல்ல லோகேஸ்வரன் வளர்ந்தார். நாலாம் வருடம் அவருக்கு நானே டத்தோ பட்டம் கொடுத்தேன். ருக்குமணி பக்கத்தில் நின்று மறுக்காமல் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தின்றது. அவ்வளவு சுலபமாக என்னை ஒத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

போன சனிக்கிழமை தவுக்கே கடையில் ஒரு புதுப் பெட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். தவுக்கே தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமை இழந்தார்.

“அண்ணே, ஏன் குலுக்குது? உள்ள ஒடையும்லா. உங்க பொம்பள வந்தா குலுக்காது. தொறன்னு சொல்லும்.”

“யாரு? ருக்குமணியா?”

“மூணு வாட்டி வந்துச்சு. உங்க பெர்த்டேக்கு. பத்து பெட்டி தொறக்கும். அடி வரைக்கும் கை விட்டு எடுத்துப் பாக்கும். ஒண்ணு வாங்கும். ஒம்பது திருப்பிக் குடுக்கும். ரொம்ப கஷ்டம்லா அந்த ஆளு.”

“நீ தொறந்து காட்டுவியா?”

“கேட்டா காட்டும். நீங்க கேக்கல.”

இருபது வருடம். நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து டேப்பைக் கிழித்தேன். மேலே என் கையெழுத்துப் போட்ட காகிதம். அதன்கீழ் மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ருக்குமணியின் எழுத்தில் ‘பிறந்தநாள் வாழ்த்து’. உள்ளே நம்பர் சீட்டுகள். ஆறு. பதினொன்று. பதினெட்டு.

வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு காகிதத்தை மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க நெஞ்சு நிமிர்ந்தது. இருபதில் ஒரு தீர்ப்பாவது தவறா? இல்லை. தன் சாமான் என்று தெரியாமலே தன்னைப் பதினேழு தடவை ஃபெயில் ஆக்கிய நீதிமான் வேறு எந்த ஊரில் இருக்கிறான்? மலேசியா முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

அந்தப் பெருமையோடு அடுப்படிக்குப் போனேன். ருக்குமணி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் கையில் தொங்கிய டேப்பைப் பார்த்தாள். கத்தி நின்றது.

“என்னங்க? ஏதோ கேக்கணும்னு நிக்கறீங்க.”

ஆறு வருடக் கேள்வி தொண்டையில் இருந்தது. ஈப்போவில் லோகேஸ்வரன் என்று ஒருவர் உண்டா, இல்லையா? வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

“ருக்கு, வர்ற சனிக்கிழமை தவுக்கே கடையில ஒண்ணு வாங்கணும். நீ கொஞ்சம் கூட வர்றியா?”