எதற்கென்று தெரியாத வரிசை

“ஊர் சுத்துறதுக்குக்கூட ஒரு படிப்பா?”

சுற்றுலாத் திட்டமிடல் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா கேட்டது இது. எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டத்துக்குச் சட்டம் போட்டு, தொலைக்காட்சிக்கு மேலே நானே ஆணி அடித்து மாட்டினேன். ஆனாலும் ஊர் சுற்றுவதில் முனைவர் பட்டமே கொடுக்கலாம் என்றால், அது நான் வேலைக்குச் சேர்ந்த சுற்றுலா நிறுவனத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த க்யூ அண்ணனுக்குத்தான்.

சிங்கப்பூரில் அவர் நிற்காத வரிசை கிடையாது. எங்கே நான்கு பேர் வரிசையாக நின்றாலும் ஐந்தாவது ஆள் அவர். எதற்கு என்று மட்டும் கேட்கமாட்டார். “தெரிஞ்சிட்டா அப்புறம் நிக்கிறதுல என்னம்மா இருக்கு?” குவீன்ஸ்டவுனுக்குக் கடிதத்தோடு போனவர் ஒருமுறை பொம்மைக் கரடியோடு திரும்பினார். இன்னொரு முறை காதுப் பரிசோதனைச் சீட்டோடு. ஒரு நாள் கண் சிவந்து வந்தார். போய் நின்றது அஞ்சலி வரிசையாம்.

“யாருண்ணே இறந்தது?”

“தெரியலம்மா. ஆனா நல்ல மனுஷன் லா. எல்லாரும் அழுதாங்க.”

இந்த ஆண்டு என் வேலை நிரந்தரமாவது ஒரே திட்டத்தில் தொங்கியது. எல்லா இடத்தையும் கைப்பேசியிலேயே பார்த்துவிட்டு, எதைக் காட்டினாலும் ‘எங்களுக்காகச் செட்டப் செய்ததுதானே’ என்று சந்தேகப்படும் புதுவகைப் பயணிகளுக்கு லிட்டில் இந்தியாவில் என்ன காட்டுவது? பூமாலை பத்து நிமிடம், மசாலா எட்டு நிமிடம் என்று அட்டவணை போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பயணிகளோடு ஒத்திகை. தண்ணீர்ப் போத்தல் தூக்க அண்ணன் வந்தார். மாலைக் கடையிலேயே மூவரும் கொட்டாவி விட்டார்கள்.

திரும்பினால் அண்ணனைக் காணோம். எதிர்க்கடை வரிசையில் நின்று கையசைத்தார். மூவரும் ஓடிப்போய் அவர் பின்னால் நின்றுகொண்டார்கள்.

“அண்ணே, என் டைம்டேபிள்!”

“இரும்மா, வரிசை நகருது.”

அரைமணி நேரம் நகர்ந்த பிறகுதான் தராசு தெரிந்தது. ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் பெட்டியை எடை போட்டுப் பார்க்கும் கடை. எங்களுக்கு முன்னால் கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து வந்த ஒருவர். ஒரு கிலோ அதிகம். மகளின் பொம்மையா, பால்மாவா, எதை எடுப்பது?

“சட்டையை எடுப்பா!” பின்னாலிருந்து குரல்.

“பொம்மையில கை வைக்காத!” இது அண்ணன்.

அவர் நான்கு சட்டைகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அங்கேயே போட்டுக்கொண்டார். முள் இறங்கியது. மொத்த வரிசையும் கைதட்டியது.

“இதுவும் உங்கள் ஏற்பாடா?” என்றார் ஒரு பயணி. இல்லை என்றேன். மூன்று முகங்களும் அப்போதுதான் முதன்முதலாக மலர்ந்தன.

மறுநாள் நடந்ததைக் கேட்டு மேலாளர் துள்ளினார். “சூப்பர் லா! வாராவாரம் போட்டுடலாம். சட்டை போட ஒரு ஆளை ரெடி பண்ணிடு.”

“முடியாது சார். அது அவங்க பெட்டி. நாம காட்டுறதுக்கு இல்ல.”

“அப்ப அந்த அரைமணி நேரம்? உன் கன்ஃபர்மேஷன் இதுலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க.”

அட்டவணையில் அந்த அரைமணி நேரக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, ‘இங்கே எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை’ என்று எழுதித் திட்டத்தைக் கொடுத்துவிட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. போன மாதம் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று பிடோக்கில் ஒரு வரிசை கண்ணில் பட்டதும் போய் நின்றுகொண்டேன். எதற்கென்று கேட்கவில்லை. அண்ணனுக்கு மட்டும் செய்தி அனுப்பியிருக்கிறேன்: “சீக்கிரம் வாங்கண்ணே, உங்களுக்கும் இடம் பிடிச்சு வச்சிருக்கேன்.”