அண்ணனுக்குப் போன வாழைத்தார்

வீரத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறவனை நம்பாதீர்கள். இதை நான் அடித்துச் சொல்லலாம். பதுளைக் கடைவீதியில் அந்தக் காலத்தில் வீரத்தைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவன் கிடையாது.

எங்களுக்குத் துணிக்கடை. ரயில் இன்னும் பதுளைக்கு வந்து சேராத வருஷங்கள். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவரின் மகள் செல்லாயியை எனக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான கையோடு, ஹாலிஎல ரோட்டில் சிறுத்தையைக் குடையால் அடித்து விரட்டிய கதையை அவளிடம் அளந்துவிட்டேன். (குடை உண்மை. ரோடும் உண்மை.) கொஞ்ச நாளில் துணிக்கட்டுக்குள்ளிருந்து ஒரு எலி குதித்தது. நான் மேசைமேல் ஏறி நின்று "அம்மா!" என்று அலறினேன். விளக்குமாற்றோடு ஓடிவந்த செல்லாயி எலியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அன்றோடு என்னிடம் பேச்சு குறைந்துபோயிற்று. நானும் சும்மா இருந்தேனா? அதைச் சரிக்கட்ட இன்னும் நாலு வீரக் கதைகளை எடுத்துவிட்டேன்.

ஆடி மாதம் மாமனார் கூட்டத்தோடு கதிர்காமத்துக்கு நடந்தே போவது என்று ஏற்பாடு. புறப்படும் அன்று காலை அவர் வீட்டுக் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே செல்லாயியின் குரல் கேட்டது.

"அப்பா, இந்த மனுசன் சொல்றதுல எது நெசம், எது பொய்யின்னே புரியல. சாமி கும்புட்டு வந்ததும் நான் இங்கயே இருந்துக்கிறேன். பதுளைக்குப் போகல."

"போயிட்டு வருவோம் தாயி. அப்புறமா பேசிக்குவோம்" என்றார் மாமனார்.

அவள் இல்லாத அந்தக் கடையையும் வீட்டையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதிரே ஒரு வாழை, முதல் தார் போட்டிருந்தது. முதல் தார் சாமிக்கு என்பது எங்கள் வழக்கம். மனசுக்குள் வேண்டிக்கொண்டு, அதை வெட்டித் தோளில் வைத்தேன்.

"மாப்பிள்ளை, அம்புட்டு தூரம் எதுக்கு இதைச் சுமக்குறீங்க?" என்றார் மாமனார்.

"முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன் மாமா. நானேதான் தூக்கிட்டு வருவேன்."

பசறை தாண்டி, மலை இறங்கி, நாள்கணக்காக நடந்தோம். தோள் தோலுரிந்தது. வெயில் ஏற ஏறத் தார் பழுத்தது. புத்தளைக்கு வந்தபோது ஊரே மணந்தது. அங்கிருந்து காடு. நுழைகிற இடத்தில் பிள்ளையாருக்கு முதலில் படைத்துவிட்டுத்தான் எல்லோரும் போவார்கள். (காட்டுக்குள் யானையின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். அவரும் பிள்ளையார்தான்.)

செல்லாயி கிட்டே வந்தாள். வழியெல்லாம் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

"பழம் உதிருதுங்க. பிள்ளையாருக்கு ரெண்டு சீப்பு வச்சுட்டு, மிச்சத்தை எல்லாருக்கும் குடுத்துருங்க. இந்த வாசத்தோட காட்டுக்குள்ள போக வேணாம்."

நல்ல புத்தி இருந்தால் கேட்டிருப்பேன். நான் சொன்னது, "ஒத்தைப் பழம் கொறையக் கூடாது. எது வந்தாலும் நான் இருக்கேன்ல!"

அன்று பிற்பகலே அது வந்துவிட்டது. ஒற்றைக் கொம்பன். பாதைக்கு நடுவில் நின்று தும்பிக்கையைத் தூக்கி என் பக்கமாக முகர்ந்தது. கூட்டம் அப்படியே நின்று, கைகூப்பி, "அரோகரா" என்றது. ஓடாதே, அசையாதே என்பதுதான் காட்டுச் சட்டம்.

நான் ஓடினேன். அதுவும் எங்கே? நேராகச் செல்லாயியின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்து, ஒரு கையால் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். தோளில் தார் அப்படியே இருந்தது. கதிர்காமத்துக் கதை எல்லோருக்கும் தெரியும்: யானைக்குப் பயந்து வள்ளி முருகனிடம் ஓடினாள். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. யானையோ பழத்தைத் தேடி அவளை நோக்கி வந்தது.

"ஐயோ, தாரை விடுங்க!"

"நேர்ந்தது செல்லாயி..."

"விடுங்கன்னா விடுங்க!"

என் தோளிலிருந்து பிடுங்கி முன்னால் உருட்டிவிட்டாள். குரல் நடுங்கியது, ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "பிள்ளையாரப்பா, மூத்தவருக்குத்தான் மொதல்ல குடுத்திருக்கணும். எங்க தப்புதான். எடுத்துக்கிட்டு வழி விடு சாமி."

அது தாரை மொத்தமாகச் சுருட்டி எடுத்தது. அவசரமில்லாமல் புதருக்குள் போய் மறைந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

"நேர்த்தி போச்சே! நேர்த்தி போச்சே!"

"அப்படி என்னத்தத்தான் நேர்ந்தீங்க?"

வாய் நிறைய வைத்திருந்த பொய்களெல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. "நீ உங்கப்பா வீட்டோட இருந்துடக் கூடாதுன்னு..."

திரும்பி என்னைப் பார்த்தாள். "இதாவது நெசமா?"

"நெசந்தான். இருக்குற பயத்துல பொய் வர மாட்டேங்குது."

சிரித்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. "மொதல்ல இடுப்பை விடுங்க. அப்பா பாக்குறாரு."

கதிர்காமத்தில் வெறுங்கையோடுதான் கும்பிட்டேன். திரும்பி நமுனுகுலவுக்கு வந்ததும் மாமனார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துணிமூட்டையை இறக்கி வைக்காமலே, "ஏங்க, பதுளைக்கு எப்பப் பொறப்படுறோம்?" என்றாள். அந்தக் கேள்விக்காக நான் இன்றுவரை சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன், தம்பி இரண்டு பேருக்குமே.

இப்போது எங்கள் வீட்டு முதல் தார் பிள்ளையார் கோயிலுக்குத்தான் போகிறது. அதை நான் தூக்கினால் போதும், பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக ஒளிந்துகொண்டு சிரிக்கிறார்கள். போன தை மாதம் செல்லாயியிடம் கேட்டேன்: "அன்னிக்கு ஏன் நீ அப்பா வீட்டோட இருந்துக்கல?"

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"நான் இருந்துக்குவேன். நீங்க ஒளிய எங்க போவீங்க?"