கொடுக்க வைக்கும் கலை: மேல் கலினாவின் பங்களிப்பு

ஈகையைப் பற்றி உலகம் பாதிதான் அறிந்திருந்தது. கொடுப்பது எப்படி என்பதை எல்லா நாட்டு மக்களும் எப்படியோ தாமாகவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். கொடுக்கும்படி ஊக்குவிப்பது எப்படி என்னும் மறுபாதி, பல்கேரிய மலையடிவாரத்தில், மேல் கலினா நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பாலாடைக்கட்டி வைத்த சூடான பனித்சாவைத் தின்றுகொண்டிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த அறையில் நானும் இருந்தேன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் பெயர் ஸாப்ரியன். ஊர்க் கலாமன்றத்தின் செயலாளர். செயலாளர் என்றால் மற்ற பதவிகளும் நான்தான்.

செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஆறு எங்களைத் தாண்டிப் போய்க் கீழ் கலினாவுக்குள் புகுந்தது. இந்த இடத்தில் ஓர் உண்மையைப் பதிவு செய்தாக வேண்டும். கீழ் கலினாவுக்கு முதன்முதலில் சரக்கு அனுப்பியது எங்கள் ஊர்தான். நகராட்சி மலைச்சரிவில் வெட்டி, ஆற்றங்கரையில் அடுக்கி வைத்திருந்த பைன் மரங்கள் அத்தனையையும் ஆறே எடுத்துப்போய் அவர்கள் பாலத்தில் சேர்ப்பித்தது. பாலம் அடைத்துக்கொண்டது. தண்ணீர் வேறு வழி தெரியாமல் வீடுகளுக்குள் போயிற்று. இது முழுக்க முழுக்க 'இயற்கைப் பேரிடர்' என்று எங்கள் நகராட்சி அன்று மாலையே ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. சன்னல் உயரத்துக்குச் சேறு நின்றது. மக்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் குடியேறினார்கள். மெத்தை இல்லை, அடுப்பு இல்லை, குளிர்காலம் வந்துகொண்டிருந்தது.

மேயர் ஸ்பாசிமிரா அம்மையார் இளகிய மனம் படைத்தவர். மறுநாளே 'சிறு நன்கொடை ஊக்குவிப்புக் குழு'வை அமைத்தார். ஸோஃபியாவிலிருந்து பிளாமென் என்ற இளைஞர் வரவழைக்கப்பட்டார். அவர் ஊக்குவிப்பு வல்லுநர். அவருடைய மேல்கோட்டைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துவிட்டது. ஏன் சிறு நன்கொடை என்று கணக்காளர் கேட்டதற்கு அவர் தந்த விளக்கத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"பெருசா குடுக்கிறவன் கணக்குக் கேப்பான் சார். ஒரு லெவா குடுத்தவன் எந்த ஊர்லயாவது கணக்குக் கேட்டிருக்கானா?"

 அறையில் பனித்சா மெல்லும் சத்தமே நின்றுவிட்டது.

கணக்காளர் கொஞ்சம் பழைய காலத்து மனிதர். நகராட்சியிடம் அவசர நிதி என்று ஒன்று சும்மா கிடக்கிறதே, அதை நாளைக் காலையில் கீழ் கலினாவுக்கு அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்டார். மேயரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார்.

"அனுப்பிட்டா அவங்க கஷ்டம் தீர்ந்துடும். அப்புறம் எதைக் காட்டி ஜனங்களை ஊக்குவிக்கிறது?"

கணக்காளர் உட்கார்ந்தார். அவசர நிதிக்கு 'ஊக்குவிப்பு மூலதனம்' என்று பெயர் மாற்றப்பட்டது. பிரசாரத்துக்கு 'ஒரு லெவா, ஒரு இதயம்' என்ற முழக்கம் தேர்வானது. நடுவில் காற்புள்ளியா, ஆச்சரியக்குறியா என்ற விவாதம் அந்த வாரம் முழுக்க நடந்தது. ஆச்சரியக்குறி பாதிக்கப்பட்டவர்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று நான் எடுத்துச் சொன்னதால் காற்புள்ளி வென்றது. பேரிடர் நிவாரணத்தில் என் சொந்தப் பங்கு அது.

முழக்கம் முடிவான அன்றே முதல் சோதனை வந்தது. நெதியால்கோ என்பவர் எங்கள் ஊரில் மீன் வளர்க்கிறவர். ஆளும் பெரிது, குரலும் பெரிது. லாரி நிறைய ஓக் விறகும், அதன்மேல் தன் மீன்குளத்துப் பம்பையும் ஏற்றிக்கொண்டு நகராட்சி வாசலில் வந்து நின்றார்.

"எங்கடா இறக்கணும்?"

நான் கீழே இறங்கிப்போய், எங்கள் குழு சிறு நன்கொடைகளை மட்டுமே ஏற்கிறது என்று பணிவாகத் தெரிவித்தேன்.

"இது சின்னதுதாண்டா. வீட்ல இன்னும் ரெண்டு லோடு கெடக்கு."

அதற்குள் பிளாமெனும் வந்துவிட்டார். ஒரு லாரி விறகு எல்லார் கண்ணிலும் படும்படி நின்றால், பையில் ஒரு லெவாவோடு வருகிற சாதாரணக் குடிமகன் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவான். எனவே இந்த லாரி ஒரு வகையில் ஏழைகளின் ஈகைக்கு எதிரானது என்று அவர் விளக்கினார். நெதியால்கோ முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, இப்போது தன்னை என்னதான் செய்யச் சொல்கிறோம் என்றார்.

"ஒவ்வொரு கட்டையா, ஒவ்வொருத்தர் பேர்ல கொண்டுவந்தா வாங்கிக்கலாம் அண்ணே."

"பம்பு? அதையும் கழட்டிக் கொண்டாரணுமா?"

"உதிரி பாகமா வந்தா பரிசீலிக்கலாம்" என்றார் பிளாமென்.

நெதியால்கோ லாரியில் ஏறி உட்கார்ந்தார். கிளப்புவதற்கு முன் சன்னல் வழியாக ஒன்று சொன்னார்.

"ஸாப்ரியன், சின்னப் புள்ளையில நீ நல்லாத்தானடா இருந்த."

பாலம் இன்னும் அடைபட்டுக் கிடந்ததால் காட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு அவரே கீழ் கலினாவுக்குப் போனார். அன்று மாலைக்குள் பள்ளியின் நிலவறைத் தண்ணீர் வெளியேறிவிட்டதாகவும், அவர் தன் வீட்டு இரும்பு அடுப்பையும் கொண்டுபோய் விளையாட்டுக் கூடத்தில் வைத்து விறகைப் போட்டுப் பற்றவைத்ததாகவும் பின்னர் தகவல் வந்தது. போகிற வழியில் தன் காசிலேயே அங்கிருந்தவர்களுக்கு ரப்பர் பூட்ஸும் வாங்கிப் போயிருந்தார். இந்த வகை உதவிக்கு எங்கள் விதிகளில் இடமில்லை. எனவே அதை 'ஊக்குவிக்கப்படாத உதவி' என்று வகைப்படுத்தி, நடக்காததாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது சுவரொட்டி. அதற்குப் பாதிக்கப்பட்டவர் ஒருவரின் முகம் தேவைப்பட்டது. கீழ் கலினாவின் தபால் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வெலிச்கா அக்காவை நான் சிபாரிசு செய்தேன். இரண்டு ஊரிலும் அவரைத் தெரியாதவர் கிடையாது. யார் யாருக்குக் கடிதம் எழுதுகிறார்கள் என்பது எழுதியவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நானும் பிளாமெனும் புகைப்படக்காரருடன் போனபோது அக்கா தன் வீட்டு முன்னறையிலிருந்து சேற்றை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். படம் எடுக்கப்போகிறோம் என்றதும் உள்ளே போய் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். பிளாமென் அதைத் துடைக்கச் சொன்னார்.

"வீடு போனது போகட்டும் தம்பி. மூஞ்சியும் போகணுமா?"

சாயம் அப்படியே இருந்தது. அடுத்து, புது பூட்ஸ் கண்ணை உறுத்துகிறது, கழற்றலாமா என்றார் பிளாமென். அக்கா சேற்றைக் காட்டி, நீங்கள் முதலில் இறங்குங்கள், ஆழம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கடைசியாக, படத்தில் கையை மட்டுமாவது நீட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது.

"நீட்டலாம். ஆனா மண்வெட்டிய யாராச்சும் பிடிக்கணுமே. நீங்க பிடிக்கிறீங்களா?"

பிளாமென் பிடித்தார். அவர் வாழ்க்கையில் முதன்முறையாக மண்வெட்டியைப் பிடித்த அந்தக் கணத்தைப் புகைப்படக்காரர் தவறுதலாக எடுத்துவிட்டார். எல்லாப் படங்களையும் மேசைமேல் பரப்பிப் பார்த்தபோது அதுதான் மனதைப் பிசைந்தது. வெலிச்கா அக்கா எல்லாப் படங்களிலும் சிரித்துக்கொண்டிருந்தார். ஆதரவற்ற தோற்றம் பிளாமெனிடம்தான் இருந்தது. மாவட்டம் முழுவதும் சுவர்களில் அவரே ஒட்டப்பட்டார். பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு கிழவர் அவரை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து இரண்டு லெவா திணித்ததாகவும், அவர் மறுக்கவில்லை என்றும் சொல்வார்கள்.

நவம்பரில், முதல் பனி விழுந்த வாரத்தில், எங்கள் கலாமன்றத்தில் விழா நடந்தது. பித்தளை வாத்தியக் குழு வந்தது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் இதயம், தங்க எழுத்தில் ஒரு நன்றிச் சான்றிதழ், ஒரு பீங்கான் கோப்பை. சிறு மனிதர்களைக் கௌரவிக்கும்போது கஞ்சத்தனம் கூடாது என்பது மேயரம்மாவின் கொள்கை. அதனால் ஒரு லெவா வந்தபோதெல்லாம் நாங்கள் ஐந்து லெவாவுக்கு நன்றி சொன்னோம். ஊர் திரண்டு வந்து கொடுத்தது. அதில் கேலி இல்லை. ஓய்வூதியக்காரர்கள்கூட மாத்திரைக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கொடுத்தது கீழே போய்ச் சேரும் என்று நம்பினார்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் பேச வெலிச்கா அக்காவை அழைத்திருந்தோம். பேருந்து ஓடாததால் காட்டுப் பாதையில் நடந்தே வந்தார். மேடையில் ஏறியவர் சுற்றிலும் பார்த்தார். கூடம் நன்றாகச் சூடாக இருக்கிறது என்றார். விளையாட்டுக் கூடத்தில் ஒரே ஓர் அடுப்புதான், குழந்தைகள் இருமுகிறார்கள், கொஞ்ச நாளைக்கு அவர்களைக் கூட்டிவந்து இங்கே படுக்க வைக்கலாமா என்றார்.

மேயரம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து நின்று, 'எங்கள் இதயங்களின் கதகதப்பை'ப் பற்றி இவ்வளவு அழகான உவமையை இதுவரை தான் கேட்டதில்லை என்றார். கூடம் எழுந்து கைதட்டியது. வாத்தியக் குழு தொடங்கிவிட்டது. அக்கா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தாரைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரியில் கணக்குப் பார்த்தோம். மூலதனம் முழுவதும் ஊக்குவிப்பில் கரைந்திருந்தது. வந்த நன்கொடை முழுவதும் நன்றியில் கரைந்திருந்தது. நன்றியில் இன்னும் கொஞ்சம் பாக்கி நின்றது. பிளாமென் தன் பங்கை வாங்கிக்கொண்டு, மண்சரிவு ஏற்பட்ட வேறொரு நகராட்சிக்குப் போயிருந்தார். சுவரொட்டியும் சான்றிதழும் அடித்துக் கொடுத்த அச்சகத்தார் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாக்கிக்கு ஈடாக வியாழக்கிழமை வந்து கலாமன்றத்துப் பியானோவைத் தூக்கிப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கட்டணம் கட்டாததால் மன்றத்திலும் நகராட்சியிலும் சூட்டை நிறுத்திவிட்டார்கள். நான் மேல்கோட்டோடு உட்கார்ந்து வேலை செய்தேன். மேயரம்மாவும் தன் அறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்கே வருத்தமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் வெலிச்கா அக்கா வந்தார். கையில் ஊறுகாய் போடுகிற பெரிய கண்ணாடி ஜாடி. அதைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டிருந்தார். என் மேசைமேல் வைத்துத் துணியைப் பிரித்தார். உள்ளே ஸ்டோடின்கி சில்லறையும், ஒரு லெவா நாணயங்களும், சேற்றில் நனைந்து அடுப்பில் காயவைத்த சில நோட்டுகளும்.

"பெருசா ஒண்ணுமில்ல. சின்னதுதான். உங்களுக்குச் சின்னதுதானே பிடிக்கும்."

எதற்கு என்று கேட்டேன். பியானோவுக்கு என்றார். கீழ் கலினாப் பெண்களின் பாட்டுக் குழு ஒத்திகை பார்க்கிற இடம் எங்கள் மன்றம்தான். தங்கள் ஊர்க் கூடம் சேறாகிவிட்டதால் வேறு இடமும் இல்லை. பிப்ரவரியில் அவர்கள் பாட வேண்டியிருந்தது.

அவர் வீட்டில் இன்னும் தரையே போடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

"தரை எங்கயும் போகாது. பியானோவ வியாழக்கிழமை தூக்குறாங்கல்ல."

பழக்க தோஷத்தில், இவ்வளவு பேரை எப்படி ஊக்குவித்தார் என்று கேட்டுவிட்டேன். அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"என்னத்த ஊக்குவிக்கிறது? மேல இருக்கிறவங்களுக்குக் கஷ்டமாம்னு சொன்னேன். குடுத்தாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "எவன்டா இவங்களுக்குக் குடுப்பான்னு நாலு பேரு திட்டுனாங்க. அவங்களும் குடுத்தாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஜாடியை மேயரம்மாவின் அறைக்கு எடுத்துப்போனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். நோட்டுகளிலிருந்து ஆற்று வாசம் வந்தது. திருப்பி அனுப்பிவிடலாமா என்று நான் மெல்லக் கேட்டேன். கொடுக்கிறவர்களின் உணர்வைப் புண்படுத்துவது நம் கொள்கைக்கே விரோதமானது என்றார். சொல்லும்போது என்னை அவர் பார்க்கவில்லை, அவரை நானும் பார்க்கவில்லை. புதன்கிழமை காலை அச்சகத்தாருக்குப் பணம் போயிற்று. மிச்சத்தில் நகராட்சிக்கும் மன்றத்துக்கும் சூடு திரும்பி வந்தது.

மாவட்ட ஆளுநருக்கான அறிக்கையை நான்தான் எழுதினேன், கதகதப்பான அறையில் உட்கார்ந்து. நிவாரணம் பாதிக்கப்பட்டவர்களின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எல்லா ஊரும் எழுதிக்கொள்ளும்; அதில் பாதி பொய்யாகவும் இருக்கும். பாதிக்கப்பட்டவர்களின் கைகளிலிருந்தே நிவாரணத்தை வாங்கிவந்து, கடைசி ஸ்டோடின்கி வரை உரிய இடத்தில் செலவழித்த ஊர், எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.