லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மஞ்சள் பந்து

பாசமும் மரியாதையும் மாறாத அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே நலம் என்று முதலில் எழுதிவிட்டு அடித்துவிட்டேன்; பொய்யில் தொடங்க வேண்டாமே என்றுதான். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் பிள்ளைகளும் சௌக்கியமா? அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? இந்த விசாரிப்பில் காரியமும் இருக்கிறது, மறைக்கவில்லை. அத்தான் தன் டைல்ஸ் கடையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டபோது, "நான் பல்கலைக்கழகத்துல தலைவர்களை உருவாக்கிட்டிருக்கேன் அத்தான்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேனே, அதை அவர் மறந்திருந்தால் நல்லது. மறக்கவில்லை என்றால் எப்படியாவது மறக்கடித்துவிட்டு, அந்த வேலை இன்னும் காலியா என்று கேட்டுச் சொல்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்களில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஒரு வருடம் தலைமைப் பயிற்சி தருகிற திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் மேலாளர். அறை பிடிப்பது, பேச்சாளரைப் பிடிப்பது, பேச்சாளர் வராவிட்டால் நானே நின்று பேசுவது எல்லாம் என் தலையில். பிள்ளைகள் தங்கமானவர்கள். அவரவர் படிப்பே அங்கே கூப்பிடும் பெயர்: சட்டம், கட்டடம், புள்ளியியல் என்று போகும். கறையானை ஆராய்கிற பெண்ணுக்குக் கறையான் என்றே பெயர் விழுந்துவிட்டது, பாவம். சிக்கல் என்னவென்றால், எல்லாரும் தலைவர்கள். நாற்காலியை நகர்த்த ஆள் கிடையாது. ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரு மஞ்சள் டென்னிஸ் பந்தை வாங்கி வந்து, "பந்து யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும், மத்தவங்க கேக்கணும்" என்று விதி போட்டேன். எந்தக் காரியமானாலும் முதலில் வட்டமாக உட்கார வேண்டும், பந்து சுற்றி வர வேண்டும், ஒவ்வொருவரும் தன் மனநிலையைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் காரியம். என் கெட்ட நேரம், வருடம் முழுக்க நான் தொண்டை கிழியச் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கறையான் மட்டும், பந்து வந்தவுடன் அடுத்தவர் மடியில் தள்ளிவிடுவாள். முதல் வகுப்பில் சிறந்த தலைவர் யார் என்று கேட்டேன். "கறையான் புத்துல ராணி இருக்கு சார், ஆனா அது யாருக்கும் உத்தரவு போடாது" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். போன வாரம் என் அறைக்கு வந்து, "எனக்குப் பதிலா வேற யாரையாவது எடுத்திருக்கலாம் சார், நான் விலகிக்கிறேன்" என்றபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வருடக் கடைசி நிகழ்ச்சி மட்டும் முடியட்டும்மா என்று கெஞ்சி நிறுத்திவைத்தேன்.

அந்த நிகழ்ச்சிதான் வெள்ளிக்கிழமை. புதிதாக வந்திருக்கும் டீன் நேரில் பார்த்துவிட்டு, திட்டத்தைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "படியிலயே போயிடலாமே" என்று தயங்கினார். மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று நான்தான் அவரை லிஃப்டில் ஏற்றினேன். அது இரண்டு மாடிக்கும் நடுவில் முனகிவிட்டு நின்றது. டீன் அப்படியே தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூடிய இடமென்றால் ஆகாதாம், அக்கா! மணியை அழுத்தினேன். மேலே பிள்ளைகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

"சாரும் டீனும் உள்ள மாட்டிக்கிட்டாங்க!" என்றது ஒரு குரல்.

"பதறக் கூடாது. முதல்ல வட்டமா உக்காருவோம்" என்றது சட்டம்.

"பந்து எங்க?"

"பந்து சார் பையிலதானே இருக்கு?"

"பந்து இல்லாம எப்படிப் பேசறது?"

"இப்ப நீங்க பேசினதே விதிப்படி தப்பு."

அதற்கப்புறம் மேலே சத்தமே இல்லை. நான் வளர்த்த தலைவர்கள் விதியை மதித்து ஊமையாக நின்றார்கள். "என்ன பந்து?" என்று டீன் மூச்சிரைக்கக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என் மானம் கப்பலேறியது. அவர் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

அப்போது கதவருகில் ஒரு குரல். யாருடையது என்றே முதலில் தெரியவில்லை. "கட்டடம், ஓடிப்போய் வாட்ச்மேனைக் கூட்டிட்டு வா. சட்டம், லிஃப்ட்காரங்களுக்குப் போன் போடு. மத்தவங்க தள்ளி நில்லுங்க." தடதடவென்று ஓடுகிறார்கள்! பிறகு அதே குரல் தணிந்து, "டீன் சார், நான் இங்கதான் உக்காந்திருக்கேன், எங்கயும் போக மாட்டேன். நீங்க நத்தையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவருன்னு படிச்சிருக்கேன். எப்பவும் ஓட்டுக்குள்ளயே கிடக்குதே, அதுக்கு மூச்சு முட்டாதா சார்?" என்றது. கறையான்!

டீன் கண்ணைத் திறந்தார். "முட்டாதும்மா... ஓட்டோரத்துல மூச்சு விட ஒரு துளை இருக்கு" என்றார். அவள் மேலே மேலே கேட்டாள். மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது அவர் நத்தையின் பற்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வெளியே வந்ததும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "திங்கக்கிழமை ரூமுக்கு வாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பந்தோடு படியிறங்கிப் போய்விட்டார். நிகழ்ச்சி நடக்கவே இல்லை.

ஆக, கதை முடிந்தது. வேலை போவதைவிட, அந்தப் பெண்ணிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் அரிக்கிறது. கூட்டத்தில் நழுவிவிட்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, பகலெல்லாம் அதே நினைப்பு. அத்தானிடம் பக்குவமாகப் பேசு. டைல்ஸாவது வட்டமாக உட்காராது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கும் அத்தானுக்கும் வணக்கம். அவருக்கு இம்முறை கொஞ்சம் கூடுதலாகவே சொல்.

உன் அன்புத் தம்பி

பி.கு: தபாலில் போடும் முன் டீனைப் பார்த்துவிட்டு வந்தேன். மேஜை மேல் பந்து இருந்தது. "ஏழு பேரு பந்தைத் தேடினாங்க. அந்தப் பொண்ணு தேடல. அவளை எடுத்தது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "அப்ப திட்டம் தொடரட்டும். அடுத்த வருஷம் பதினாறு பேரா எடுங்க. பந்து எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். எட்டுத் தலைவர்களுக்கே நாற்காலி நகர்த்த ஆளில்லை, இதில் பதினாறாம்! அத்தான் கடை வேலையை எதற்கும் கையில் வைத்திருக்கட்டும் என்று எழுத நினைத்துக்கொண்டே என் அறைக்கு வந்தேன். கறையான் வாசலில் நின்றிருந்தாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு, "விலகல சார். அடுத்த வருஷப் பிள்ளைங்க வரும்போதும் நான் வரலாமா? நாற்காலி நகர்த்தக்கூட வரேன்" என்றாள். அத்தானை வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல், அக்கா. எனக்கு நாற்காலி நகர்த்த ஆள் கிடைத்துவிட்டது.