மூளைக்கு ஐந்து நிமிட இடைவேளை

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பதுளை டவுனில் நடந்த ஒருநாள் பயிற்சி வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்தவன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அறிவித்தேன்.

"விஜி! இன்னையிலருந்து என் மூளைக்கு நான்தான் முதலாளி!"

என் மனைவி விஜயலெட்சுமி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இத்தன நாளா யாருங்க?"

இப்படித்தான் என் வீட்டில் முன்னேற்றம் வரவேற்கப்படும்.

விஷயம் விளையாட்டல்ல. நான் அரசாங்க எழுதுவினைஞன். பதவி உயர வேண்டுமென்றால் சிங்களம் இரண்டாம் மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். எழுத்தில் எப்படியோ தேறிவிட்டேன். வாய்மொழிப் பரீட்சையில் மட்டும் வாய் இருக்கிறது, மொழி இல்லை. இரண்டு முறை தோற்றாயிற்று. கடைசி முறை பரீட்சகர், "ளமய் கீதெனெக்த?" என்று கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்று அர்த்தமாம். எனக்குக் காதில் விழுந்தது 'கீ' மட்டும்தான். கடைத்தெருவில் 'கீ' என்றால் என்ன விலை. யோசிக்காமல் "தெசீயய்" என்றேன்.

இருநூறு.

பரீட்சகர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பர்ஹான் முதல் முறையிலேயே தேறிவிட்டான். அடுத்த முறையும் நான் கோட்டை விட்டால் அவன் எனக்கு மேலதிகாரி. ஒவ்வொரு நாள் காலையிலும் அவனுக்கு "குட் மோர்னிங் சேர்" சொல்ல வேண்டும். அதை நினைத்தாலே எனக்குத் தமிழும் வராமல் போகிறது.

விஜி கொஸ்லந்தைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். சிங்களம் பேச ஆரம்பித்தால் மழைக்காலத்து அருவி. முன்பொரு நாள் பெரிய மனது பண்ணி எனக்குக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தாள். நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் மெஷின் ஊசி உடைந்துவிட்டது. அன்றே முடிவெடுத்தேன். கற்றால் விஞ்ஞான முறையில் கற்பேன், பெண்டாட்டியிடம் கற்க மாட்டேன்.

அந்த விஞ்ஞானத்தைத்தான் பயிற்சி வகுப்பில் டை கட்டிய ஒருவர் கரைத்து ஊற்றினார். மூளை ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்யும். இருபத்தைந்து நிமிடம் முழுக் கவனம். பிறகு ஐந்து நிமிடம் எழுந்து நடமாட்டம். நடமாடினால்தான் படித்தது மண்டையில் பதியும்.

மறுநாளே லீவு போட்டு, முன் அறைக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: 'கவனம்! உள்ளே கவனம்!'

உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, அந்தத் தாளக் கழட்டுங்க. நாய் இருக்குன்னு நெனச்சு தபால்காரர் கேட்டுக்கு வெளியவே நிக்கிறாரு."

"விஜி! எனக்குக் கவனம் கலைஞ்சிருச்சு! இப்ப மூளை முதல்லருந்து ஆரம்பிக்கணும், தெரியுமா?"

"ஆரம்பிக்கட்டும். எத்தன மணிக்கு எழும்புவீங்க?"

"இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா. அஞ்சு நிமிஷம் நடப்பேன். அது மூளைக்கு மருந்து."

"சும்மாதான் நடக்கணுமா? எதையாவது தூக்கிட்டும் நடக்கலாமா?"

"எப்படியும் நடக்கலாம்," என்றேன் பெருந்தன்மையாக.

அந்த ஒரு சொல்லில் நான் காலியானேன்.

முதல் இடைவேளையிலேயே கையில் ஒரு கிண்ணம் வந்தது. "குசுமா அக்கா வீட்டுல கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வாங்க."

குசுமா அக்கா பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'வணக்கம்'.

"நீ போயேன்!"

விஜி தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். "தொண்ட கட்டிருச்சுங்க. சத்தமாப் பேசக் கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

"இப்ப பேசுறியே?"

"இது தமிழ்ங்க. தமிழ் தொண்டய உறுத்தாது. சிங்களந்தான் உறுத்துது."

போனேன். "லூனு" கேட்டேன். கிண்ணம் நிறைய சின்ன வெங்காயத்தோடு திரும்பினேன்.

"உப்பு கேட்டா வெங்காயம் வருது?"

"லூனுன்னுதானே கேட்டேன்!"

"லூனுன்னா வெங்காயம். லுணுன்னாத்தான் உப்பு. ஒங்க வாய் நீண்டிருச்சு, வேற ஒண்ணுமில்ல. திரும்பிப் போங்க."

திரும்பிப் போனேன். குசுமா அக்கா உப்பும் கொடுத்து, உட்காரவும் வைத்து, வெங்காய விலை, மழை, மருமகள் என்று ஒரு பாட்டம் பேசினார். ஐந்து நிமிடம் அரை மணி நேரமாயிற்று. என் மூளை நாற்காலியில் காத்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி கிடையாது. இடைவேளை வந்தால் கறிவேப்பிலை. இடைவேளை வந்தால் மரக்கறிக் கடை. லீவு நாளில் தெமோதரை பஸ்ஸில் ஏற்றி, அங்கே யாருக்கோ தைத்த சட்டைப் பார்சலைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கண்டக்டரிடம் மிச்சக் காசு வாங்க நான் பட்ட பாட்டை விவரித்தால் தனிக் கதை. இவள் தொண்டை மட்டும் ஆறவே இல்லை.

ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. குழாய் வேலை செய்யும் நிமல் பாஸுக்கு என்னையே போன் பேச வைத்தாள். "வத்த என்னே நே!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் இரண்டு முறை "ஆ?" என்றது. பிறகு, எந்தத் தோட்டம், எங்கிருந்து வரவேண்டும் என்று கவலையோடு கேட்டார். தண்ணீர் என்றால் 'வத்துர'. 'வத்த' என்றால் தோட்டம். தோட்டம் இன்னும் வந்து சேரவில்லையென்று நான் முறைப்பாடு செய்திருக்கிறேன்.

விஜி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். தொண்டை வலியாம்.

பரீட்சை நெருங்கிவிட்டது. நான் வெடித்தேன்.

"நான் படிக்கிறேனா, ஒனக்கு எடுபிடி வேல செய்றேனா? என் கவனத்த நீ துண்டு துண்டா வெட்டிட்ட!"

"ஒங்க வாத்தியார்தானுங்க நடக்கச் சொன்னாரு."

"நடக்கச் சொன்னாரு! பேசச் சொல்லல!"

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். டவுனில் சாரம், சட்டை விற்கும் ஸரூக் என் பழைய கூட்டாளி. அவன் கடையின் பின்னறையில் ஈ காக்கா இல்லை. அங்கே என் மூளைக்கு விடுதலை கிடைத்தது.

புத்தகத்தைத் திறந்ததும் ஸரூக் தலையை நீட்டினான். "மச்சான், பேங்குக்கு ஓடிட்டு வாறேன். கடயக் கொஞ்சம் பாத்துக்கங்க."

அவன் போனதுதான் தாமதம். வேன் ஒன்று வந்து நின்றது. கதிர்காமம் போகிற ஒரு சிங்களக் குடும்பம். பாட்டி, அம்மா, மாமி, சித்தி. ஒரு சாரத்துக்கு நான்கு பேர் பேரம். நிறம் போகுமா என்று ஒருத்தி, நீளம் போதுமா என்று இன்னொருத்தி. நான் கத்தினேன், கெஞ்சினேன், சத்தியம் செய்தேன். எல்லாம் சிங்களத்தில். அவர்கள் பை நிறைய வாங்கிக்கொண்டு போன பிறகுதான் ஸரூக் வந்தான். அன்று மட்டுமல்ல. நான் போகிற நாளெல்லாம் அவனுக்கு பேங்கில் வேலை.

பரீட்சை நாள். இந்த முறை ஒரு அம்மணி. வீட்டில் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குள் என்னவோ உடைந்தது. குழாய், நிமல் பாஸ், அவர் வருவதாகச் சொல்லி வராத நாட்கள், என் மனைவியின் தொண்டை, என் பாழாய்ப்போன கவனம் எல்லாம் சிங்களத்திலேயே கொட்டியது. அம்மணி போதும் என்று கை காட்டினார். நான் நிறுத்தவில்லை. கண்டக்டரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருந்தது.

தேறிவிட்டேன். அதுவும் நல்ல புள்ளி.

ஒஃபிஸில் எனக்குத் தேநீர் விருந்து. 'கவனத்தின் மகிமை' பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இருநூறு வார்த்தை பேசினேன். பர்ஹான்கூடக் குறிப்பெடுத்தான். அன்று மாலை ஸரூக் தொதல் இனிப்போடு வீட்டுக்கு வந்தான். விஜி தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

"பாத்தியா ஸரூக், விஞ்ஞானம்!" என்றேன்.

"விஞ்ஞானமா? விஜி அக்கா செல்லித்தானே மச்சான் நான் கடய வுட்டுட்டுப் போனேன்! இல்லாட்டி போயா லீவு நாள்ல எந்த பேங்க் தொறந்திரிக்கும்? தேத்தண்ணிக் கடயில குந்திக் குந்தி இடுப்பு வலிக்குது."

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். குசுமா அக்கா? அவரும் கூட்டு. தெமோதரைச் சட்டை? அது எனக்கே முந்தின வருஷம் தைத்த பழைய சட்டையாம்.

அவன் போனதும் அடுப்படிக்குள் பாய்ந்தேன்.

"என்ன ஏமாத்திட்டியே விஜி!"

"நேராச் சொல்லிக் குடுத்தா நீங்க கேப்பீங்களா?" என்றாள். தொண்டை கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது.

"இனி ஒன் வித்தையெல்லாம் பலிக்காது. அடுத்தது இங்கிலீஷ் பரீட்சை. அத நானே, தனியா, என் முறையில படிக்கிறேன்."

விஜி முகம் சுருங்கிப்போனது. "அதுல நான் என்னங்க செய்ய முடியும்? எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது." கொஞ்சம் தயங்கினாள். "ஒங்களுக்கு நேரமிருந்தா எனக்கும் சொல்லித் தாங்களேன்."

என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. கடைசியில் இவளுக்கும் தெரியாத ஒன்று!

தினமும் வேலை விட்டு வந்ததும் வகுப்பு. மக்கு மாணவி. 'ஹேஸ்' எங்கே, 'ஹேவ்' எங்கே என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தாள். "ஏன்?" என்பாள். "அப்ப இது ஏன் இப்படி வரல?" என்பாள். பதில் சொல்வதற்காகவே நான் இலக்கணப் புத்தகத்தை முந்தின நாளே கரைத்துக் குடிக்க வேண்டியிருந்தது. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். நான் ஒருநாளும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் போனது. எனக்கு நன்றாக வந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. பாவமாக இருந்தது. ஸரூக்கின் மகள் இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்குப் போய், அந்தப் பிள்ளைக்கு டியூஷன் கொடுக்கும் டீச்சர் யார், என் மனைவிக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுப்பாரா என்று கேட்டேன்.

ஸரூக் சாரத்தை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்ன மச்சான் செல்றீங்க? ரெண்டு வருஷமா சனிக்கிழம சனிக்கிழம தச்ச சட்ட குடுக்க வாற நேரம் புள்ளைக்கு இங்கிலீஷ் செல்லிக் குடுக்கிறதே விஜி அக்காதானே!"