அக்டோபர் மாதத்துத் தீர்க்கதரிசி

மனிதர்களில் ஒரு வகை உண்டு. ஆண்டின் பெரும்பகுதி நம்மைப் போலவே இருப்பார்கள். வரி கட்டுவார்கள், குப்பைத் தொட்டியைச் சரியான கிழமையில் வாசலில் வைப்பார்கள், மனைவி சொன்னால் பாதியாவது கேட்பார்கள். அக்டோபர் கடைசியில் கூடைப்பந்துப் பருவம் தொடங்கியதும் இவர்களுக்கு ஞானக்கண் திறந்துவிடும். எண்பத்திரண்டு ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஜூன் மாதம் கோப்பையை யார் தூக்குவார், எந்தப் பயிற்சியாளர் பெட்டியைக் கட்டுவார், எந்தப் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அரங்க வாசலில் சிலை வைப்பார்கள் என்பது வரை சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. அதனாலென்ன, சொல்லுவார்கள்.

எங்கள் பிட்ஸ்பர்க்கில் இந்தச் சரக்கு ஏராளம். அதில் முதல் தரமான ஒன்றை என் தங்கை லோரேன் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். பெயர் ரே குஷ்னிர். தொழில் பிளம்பர். ஒழுகுகிற குழாயைக் காட்டினால், "ரெண்டு நாள் விட்டுப் பாப்போம், தானா நின்னாலும் நிக்கும்" என்று சாவகாசமாகத் தலையைச் சொறிவான். பந்தாட்டத்தைக் காட்டினால் இரண்டு நிமிடம் பொறுக்க மாட்டான்.

இந்த வகையை அடையாளம் காண்பது சுலபம். எங்கள் அணியான ஹாமர்ஸ் ஜெயித்தால் "நாம ஜெயிச்சோம்" என்பான், தோற்றால் "அவனுங்க தோத்துட்டானுங்க" என்பான். "எழுதி வச்சுக்கோ" என்று நாளுக்குப் பத்து தடவை சொல்லுவான், ஆனால் யாராவது உண்மையிலேயே எழுதப் போனால் கோபம் வரும். புதிதாக வந்த ஒரு பையன் இரண்டு பந்தை ஒழுங்காகப் போட்டால் போதும், அவன் பெயர் போட்ட சட்டையை மறுநாளே வாங்கிவிடுவான். பையன் மூன்றாவது பந்தைக் கோட்டைவிட்டால் அந்தச் சட்டை லோரேனிடம் போய்விடும். என் தங்கை வீட்டில் தரை துடைக்கிற துணிகள் எல்லாம் முன்னாள் சக்கரவர்த்திகள்தான். ரேயின் நாய்க்குப் பெயர் வெண்டல். நாலு வருடத்துக்கு முன் அந்தப் பெயரில் ஒரு பையன் முதல் வாரத்தில் பிரமாதமாக ஆடினான். இப்போது அவன் துருக்கியில் எங்கோ ஆடுகிறானாம். நாய் மட்டும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு இங்கே வாலாட்டிக்கொண்டிருக்கிறது, பாவம்.

போன பருவத்தில் வந்த பையன் ட்ரேவன் பூன். கோடையில் அவனை எங்கள் அணி எடுத்தபோது ரே என்ன சொன்னான்? "துடைப்பக்குச்சி. காத்தடிச்சா ஓஹையோவுக்குப் பறந்துருவான்." முதல் ஆட்டத்தில் அந்தத் துடைப்பக்குச்சி எதிரணியைப் பெருக்கித் தள்ளியது. ஆட்டம் முடிவதற்குள் எனக்குப் போன் வந்தது.

"மச்சான், பாத்தியா? கையா அது! ஆத்துக்கு இந்தக் கரைல நின்னுக்கிட்டே அந்தக் கரை வீட்டு விளக்கை அணைப்பான்!"

"கோடையில வேற என்னமோ சொன்னியே மாப்பிள்ளை."

"அது கோடை," என்று போனை வைத்துவிட்டான்.

இதெல்லாம் வருடா வருடம் நடப்பதுதான், நாங்களும் பழகிவிட்டோம். ஆனால் அந்த வருடம் வீட்டில் ஒரு கல்யாணம் இருந்தது. ரேயின் ஒரே மகள் மார்லாவுக்கும், ஓவன் என்கிற பரம சாதுவுக்கும் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. தீயணைப்பு நிலையத்துக் கூடத்தை அந்தக் கோடையிலேயே பிடித்துவைத்திருந்தார்கள். அந்தக் கூடம் கிடைப்பது லேசான காரியமா? மாப்பிள்ளை கிடைத்துவிடுவான், ஜூன் மாதச் சனிக்கிழமை கிடைக்காது. போதாததற்கு எங்கள் ஊர்க் கல்யாணத்துக்குக் குக்கி மேஜை என்று ஒன்று வேண்டும். இரண்டு வீட்டு அத்தைமார்களும் சித்திமார்களும் மாதக்கணக்கில் குக்கி பிஸ்கட்டுகளைச் சுட்டுக் குவித்து, நீள மேஜையில் அடுக்கி, யாருடையது முதலில் தீர்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கேக் இல்லாமல் கல்யாணம் நடந்துவிடும். குக்கி மேஜை இல்லாமல் நடந்தால் சொந்தக்காரர்கள் அதைக் கல்யாணம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஹாமர்ஸ் வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை லோரேன் வீட்டில் எல்லோரும் உருளைக்கிழங்கு அடைத்த பிரோகிக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தபோது ரே முள்கரண்டியை உயர்த்தினான்.

"ஜூன்ல கல்யாணம் நடக்காது."

"என்னது?" என்றாள் லோரேன்.

"இறுதிப் போட்டி ஜூன்ல. நாம கோப்பையத் தூக்குவோம். தூக்கினா ஊர்வலம். ஊர்வலம்னா பாலத்தையெல்லாம் மூடிருவாங்க. ஓவன் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளை எப்படி வருவான்? நீந்தியா?"

"எனக்கு நீச்சல் தெரியாது மாமா," என்றான் ஓவன் மெதுவாக.

"கேட்டுக்கிட்டியா லோரேன்? அவனே சொல்றான்!"

"ஹாலோவீன் பூசணிக்காய் இன்னும் வாசல்லயே உக்காந்திருக்கு, அதுக்குள்ள ஜூன் மாசத்து ஊர்வலமா? பேசாம சாப்பிடு," என்றாள் என் தங்கை.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மார்லாதான் அதிகம் சிரித்தாள். அதுதான் நாங்கள் செய்த தப்பு. இந்த வகை மனிதன் முன்னால் சிரிக்கவே கூடாது. சம்மதம் என்று எடுத்துக்கொள்வான்.

மறுநாள் காலை நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போனான். கூடத்தைப் பார்த்துக்கொள்கிற எட் யவோர்ஸ்கி சுவரில் மாட்டிய காலண்டரில் பென்சிலால் பெயர் எழுதிவைப்பது வழக்கம். எழுதியிருந்தது ரேயின் பெயர். ரேயே வந்து அழிக்கச் சொன்னால் எட் என்ன செய்வார்? அழித்தார். அதற்குப் பதிலாகக் கிடைத்த ஒரே சனிக்கிழமை மார்ச் மாதத்தில், தவக்காலத்தின் நடுவில் இருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது என்பதால் அதே கூடத்தில்தான் ஊருக்கே மீன் பொரிப்பார்கள். அந்த வாசனை திரைச்சீலையில் ஏறிக்கொண்டால் திங்கட்கிழமை வரை இறங்காது.

"யோசிச்சுக்கோ ரே," என்றாராம் எட். "பொண்ணு மேல மீன் வாசம் அடிக்கும்."

"அடிக்கட்டும். விருந்துக்கு வர்றவங்களுக்கு நல்லாப் பசிக்கும்."

அழித்த இடம் ஆறுவதற்குள் அந்த ஜூன் சனிக்கிழமையை ஒருவன் கொத்திக்கொண்டு போனான். ரேயின் எதிர்வீட்டு டொமினிக் பெர்ரி. இவனும் அதே இனம்தான், கிளைதான் வேறு. ரே வெற்றியைப் பார்த்தால் கோப்பையைக் காண்பான், டொமினிக் வெற்றியைப் பார்த்தால் சவப்பெட்டியைக் காண்பான். "நாலு ஜெயிச்சுட்டானுங்களா? போச்சு. சக்தியெல்லாம் இப்பவே தீந்துருச்சு. ஜூன்ல இவனுங்க வீட்டுல உக்காந்து புல்லு வெட்டிக்கிட்டு இருப்பானுங்க," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் அப்பா அம்மாவின் ஐம்பதாவது திருமண நாள் விருந்தை நிம்மதியாக அங்கே வைத்துக்கொண்டான்.

மகளிடம் சொன்னானா ரே? இல்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தான். நல்ல நேரம் வரவில்லை, தோல்விதான் வந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். பூன் வீசிய பந்து வளையத்தில் படவில்லை, பலகையில் படவில்லை, ஒரு தடவை எதிரணிப் பயிற்சியாளரின் காப்பிக் கோப்பையில் பட்டது. பூன் பெயர் போட்ட சட்டை லோரேனின் வாளிக்குள் போயிற்று.

"ஏமாத்திட்டான் மச்சான்," என்று ரே என் வீட்டுச் சோபாவில் சரிந்தான். "கை நீளம்தான், மூளைக்கு அந்த நீளம் இல்ல. மொத்த அணியையும் கலைச்சுத் தொலைக்கணும். பயிற்சியாளரைத் துரத்தணும். அரங்கத்தை இடிச்சு கார் நிறுத்துற இடமாக்கணும்." திடீரென்று எழுந்து உட்கார்ந்தான். "அட! அப்ப ஜூன் சும்மாதானே இருக்கு!"

எழுந்து ஓடினான். எட் கையை விரித்துவிட்டுக் காலண்டரில் டொமினிக்கின் பெயரைக் காட்டினார். எதிர்வீட்டில் டொமினிக் கதவைப் பாதிதான் திறந்தான்.

"தேதியைத் திருப்பிக் குடுப்பா, நல்லா இருப்ப."

"முடியாது. நீ ஜெயிப்பானுங்கன்னு சொன்ன, நான் நாசமாப் போவானுங்கன்னு சொன்னேன். யாரு சொன்னது நடந்திருக்கு? கிளம்பு," என்று கதவைச் சாத்தினான்.

விஷயம் நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்தில் வெடித்தது. வான்கோழியை அறுக்கும்போது லோரேன், "நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுது," என்று சாதாரணமாகச் சொன்னாள். ரேயின் கையிலிருந்த கத்தி வான்கோழியின் பாதியில் நின்றது. அங்கேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

மார்லா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தாள். அவள் கண்ணில் நீர் கோத்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு ரேயை அந்த வான்கோழியாலேயே அடிக்கலாம் போலிருந்தது.

"ஓவன் முதல் தடவ நம்ம வீட்டுக்கு வந்தப்ப சூப்பைச் சட்டையில கொட்டிக்கிட்டான். ஞாபகம் இருக்காப்பா? 'இவன் தேற மாட்டான்'னு சமையலறையில வச்சுச் சொன்ன. அடுத்த தடவ குளியலறைக் குழாய் உடைஞ்சப்ப உனக்கு டார்ச் பிடிச்சான். 'இவன் தங்கம்'னு சொன்ன. அப்புறம் கூடைப்பந்து பாக்க மாட்டான்னு தெரிஞ்சதும் மறுபடியும் தேற மாட்டான்னு சொன்ன. எங்க வாழ்க்கைக்குத் தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடி நீ எத்தனை ஆட்டம் பாப்பப்பா?"

ரே ஏற்கெனவே அறுத்து வைத்த துண்டையே மறுபடியும் அறுக்கத் தொடங்கினான்.

ஓவன்தான் தொண்டையைச் செருமினான். "மார்ச்சே இருக்கட்டும். மூணு மாசம் முன்னாடியே கல்யாணம் ஆயிரும் இல்லையா? எனக்கு மீனும் பிடிக்கும்."

மார்லா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். ரே உடனே, "இந்தப் பையன் இருக்கானே, எழுதி வச்சுக்கோங்க..." என்று தொடங்கினான்.

"வாயை மூடு!" என்று மேஜை முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

மார்ச்சில் கல்யாணம் நடந்தது. மூன்று மாதம் பறிபோன அத்தைமார்கள் ரேயைத் திட்டிக்கொண்டே இரவு பகலாகச் சுட்டார்கள். கூடத்தில் மணப்பெண்ணின் பூச்செண்டு வரைக்கும் மீன் மணத்தது. குக்கிகளும் கொஞ்சம் மணத்தன. ஆனாலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாழ்த்துரை சொல்ல ரே எழுந்தபோது லோரேன் அவன் கோட்டின் பின்புறத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், ஜோசியம் தொடங்கினால் இழுத்து உட்கார வைப்பதற்கு. ரே கோப்பையை உயர்த்தினான், மகளைப் பார்த்தான், மருமகனைப் பார்த்தான். "இவங்க எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றான். "கூடவே இருந்து பாக்கப் போறேன், அவ்வளவுதான்." நான் அழுதேன். மீன் வாசனையால் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி வைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி. முடியவில்லையே! ஏப்ரலில் அந்தத் துடைப்பக்குச்சிக்குத் திடீரென்று உயிர் வந்துவிட்டது. கடைசி இடத்தில் தொற்றிக்கொண்டு இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்த ஹாமர்ஸ், ஒவ்வோர் அணியாக வீட்டுக்கு அனுப்பியது. ஜூனில் கோப்பையைத் தூக்கியது. ஊர்வலம் எந்த நாள் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் சனிக்கிழமை. பாலங்களையெல்லாம் மூடிவிட்டார்கள்.

டொமினிக்கின் விருந்தாளிகளில் பாதிப்பேர் ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். அவனுடைய அப்பாவும் அம்மாவும் வாடகைக்கு எடுத்த திறந்த காரில் கூடத்துக்குக் கிளம்பி, தப்பான தெருவில் திரும்பி, வீரர்கள் வந்த லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஜனங்கள் அவர்களை அணியின் முதலாளிகள் என்று நினைத்து ஆர்ப்பரித்தார்கள். கிழவர் எழுந்து நின்று கையசைத்தார், கிழவி முத்தங்களை வீசினார். ஐம்பது வருடத்தில் அவர்களுக்கு இவ்வளவு நல்ல திருமண நாள் வாய்த்திருக்காது. டொமினிக் மட்டும் கார் பின்னாலேயே ஓடினான்.

தெரு ஓரத்தில் ரே நின்றான். தரை துடைத்துச் சாயம் போன பூன் சட்டைதான் மேலே. மூடிய பாலத்தை நோக்கி விரலை நீட்டி, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரிடமும், "சொன்னேனா இல்லியா? அக்டோபர்லயே சொன்னேன்!" என்று முழங்கிக்கொண்டிருந்தான். என்னத்தைச் சொல்ல? சொன்னான்தான். நடுவில் இதற்கு நேர்மாறாகவும் சொன்னான்தான். எல்லாவற்றையும் சொல்லி வைத்துவிடுகிறவனை என்ன செய்ய முடியும்?

மார்லா பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சொன்னப்பா, சொன்ன," என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போது விளக்குக் கம்பத்தின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தப் பரம சாதுதான் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"அடுத்த வருஷமும் நாமதான் மாமா! எழுதி வச்சுக்குங்க!"

மார்லாவின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே!

நீங்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ரே போய்க் கல்யாணத் தேதியை மாற்றினான் என்று படித்ததுமே "அடப் பைத்தியக்காரா!" என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் இல்லையா? அப்போது பருவத்தில் எத்தனை ஆட்டம் முடிந்திருந்தது? நாலே நாலு. உங்கள் சட்டை அளவைச் சொல்லுங்கள், தரை துடைத்தது போக லோரேனிடம் இன்னும் சில சட்டைகள் இருக்கின்றன.