ஆறு அங்குலம் ஐந்தான போர்வை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். என் இடது கட்டைவிரல் மட்டும் சௌக்கியமில்லை. அங்கே மகளுக்குத் துணையாகப் போயிருக்கும் நீயும், அவளும், பிறந்து ஒரு மாதமான உன் பேத்தியும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஊசி பிடிக்காதவர்களுக்கு என்ன குறை?

போன வருடம் உன் மகளின் புது வீட்டில் நான் செய்ததாக நீ சொல்லும் அட்டூழியம்தான் என்ன? முப்பத்துநாலு வருடம் தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்ததை அளந்து பார்த்து, பிசகு இருந்தால் சிவப்பு மையில் ‘கழிக்கவும்’ என்று எழுதியவன் நான். பழக்கதோஷத்தில், விருந்தாளிகள் முன்னால், சமையலறை அலமாரி அரை அங்குலம் சாய்ந்திருக்கிறதே என்றேன். அதை அவளே அறுத்து, இழைத்து, மாட்டினாள் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்? “மாமா, ஆயுசுல ஒரு பொருளாவது உங்க கையால செஞ்சிருக்கீங்களா? செஞ்சு எடுத்துக்கிட்டு வாங்க. அப்புறம் என் வீட்டை அளக்கலாம்” என்றாள். அன்றோடு போனும் இல்லை, பேச்சும் இல்லை. குழந்தை பிறந்ததையே நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொந்தத் தாய்மாமன்!

நீ மகராசி, போனில் யோசனை சொன்னாய். “பழைய துணியைத் துண்டு துண்டா வெட்டிச் சேர்த்து, பாப்பாவுக்கு ஒரு போர்வை தைங்கண்ணா. அரை நாள் வேலை.” உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அந்த அரை நாளுக்கு இன்று இருபத்திரண்டாவது நாள்.

என் சட்டைகள் நாலு, அண்ணியின் பருத்திப் புடவை ஒன்று. இரும்பு ஸ்கேல் வைத்து, ஒவ்வொன்றும் ஆறு அங்குலச் சதுரம், நூலிழை பிசகாமல் நாற்பத்திரண்டு வெட்டினேன். வரிசைக்கு ஆறு, ஆறாறு முப்பத்தாறு அங்குல அகலம். தைத்து, ஓரமும் மடித்து அளந்தால் முப்பது! ஸ்கேலைச் சந்தேகப்பட்டேன், துணியைச் சந்தேகப்பட்டேன், உன் அண்ணியைக்கூட ஒரு பார்வை பார்த்தேன். எதிர்க்கடைத் தையல்காரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினால், அந்த அம்மா பல்லில் கடித்திருந்த நூலை எடுத்து வைத்துவிட்டுச் சிரிக்கிறார். “சார், பக்கத்துக்கு அரை இன்ச் தையலுக்குள்ள போயிடுமே, அதை விட்டுல்ல வெட்டணும்!” ஆறு அங்குல இரும்பு எங்கே வைத்தாலும் ஆறு அங்குலமாகத்தான் இருக்கும் அம்மா என்றேன். கடையில் ஜாக்கெட் வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

சரி, சின்னப் பிள்ளைக்குச் சின்னப் போர்வை என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கட்டிலில் அடித்துணியை விரித்து, மேலே பஞ்சை வைத்து, அதன்மேல் போர்வையைப் போட்டு, ஒரு பகல் முழுக்கக் கையால் தைத்தேன். பெருமையாகத் தூக்கினால் மெத்தை விரிப்பும் கூடவே எழுந்து வருகிறது. “தலையணையை ஏன் விட்டீங்க? அதையும் சேர்த்துத் தைச்சிருந்தா மொத்தமா அனுப்பிடலாமே” என்கிறாள் உன் அண்ணி. இப்படி ஒரு ஒத்தாசை எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும்?

பிரித்து, மறுபடி தைத்தாயிற்று. நாற்பத்திரண்டில் முப்பத்தொரு கட்டம் கோணல். வேறு யாராவது இதை என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கழித்திருப்பேன். இதை என்னால் கழிக்க முடியவில்லை. ஒவ்வொரு கோணலுக்கும் எத்தனை பாடுபட்டேன் என்று எனக்குத் தெரியுமே. அவளும் அந்த அலமாரிக்கு இப்படித்தான் பாடுபட்டிருப்பாள். அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்லித் தொலைக்காதே.

ஆகவே, தீர யோசித்து எடுத்த முடிவு: போர்வையை அனுப்பப் போவதில்லை. கடையில் கோணலில்லாமல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வருவதாக இல்லை. என்னைப் பார்க்காமல் அங்கே யாரும் இளைத்துவிடவில்லை என்று கேள்வி.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குழந்தை நூறு வயது நன்றாக இருக்கட்டும். அதன் அம்மாவுக்கும் என் ஆசி, விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் யோசனையைக் கேட்டுக் கெட்ட
அண்ணன்

பின்குறிப்பு: தபாலில் போடத்தான் கிளம்பினேன். வழியில் பஸ் வந்து நின்றது, ஏறிவிட்டேன். இதை உன் மகள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணியடிக்க இரண்டு தடவை கையைத் தூக்கிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன், பயமாக இருக்கிறது. கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். போர்வை மடியில் இருக்கிறது. நீ எழுந்து வராதே. அவளைத் திறக்கச் சொல்.